ஆறு நாழியும் பத்து நாழியும்

மார்ச் மாதம் வந்தால் எனக்கு எக்ஸெல் ஷீட்டுகள் வரத் தொடங்கும். தொண்டூர், செஞ்சி, மேல்மலையனூர் பக்கத்துப் பிள்ளைகள் அனுப்புவார்கள். "அண்ணா, மூணு அட்மிட் வந்திருக்கு, எதை எடுக்கறது?" என்று ஒரே வரி, கீழே ஷீட். அதன் தலைப்பு வரிசையில் பல்கலைக்கழகத்தின் பெயர், உலகத் தரவரிசை, டியூஷன், ஊர் வாடகை, படித்து முடித்தவர்களின் சராசரிச் சம்பளம் எல்லாம் இருக்கும். ஒரு பையன் ஜனவரி மாதக் குளிருக்குக்கூடத் தனித் தலைப்பு போட்டிருந்தான். அநேகமாக எந்த ஷீட்டிலும் இல்லாத தலைப்பு ஒன்று உண்டு: இந்தப் பணத்தை யார் தருகிறார், எதிலிருந்து எடுத்துத் தருகிறார், எந்த நாளில் நிறுத்துவார்.

ஃபண்டிங் என்றால் பலருக்கு அது ஒரு எண், அவ்வளவுதான். முழுசா, பாதியா, இல்லையா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ஆனால் உதவித்தொகையின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, எண்ணைவிட அதன் ஊற்றுதான் பலருடைய வாழ்க்கையை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளியிருக்கிறது என்று தோன்றுகிறது. அதற்கு நாம் பாஸ்டன் வரை போக வேண்டியதில்லை. எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே ஆயிரம் வருடப் பழைய ஃபண்டிங் லெட்டர் ஒன்று கல்லில் இருக்கிறது.

எண்ணாயிரம் என்ற ஊர். அங்கே அழகிய நரசிம்மப் பெருமாள் கோயில். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், சுமார் 1025இல் வெட்டிய கல்வெட்டு, அன்று ராஜராஜச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்ட அந்த ஊரில் நடந்த கல்லூரியின் கணக்கைச் சொல்கிறது. மாணவர்கள் 340 பேர், ஆசிரியர்கள் 14 பேர். மாணவர்களில் 270 பேர் இளநிலை: ரிக் வேதம் 75, யஜுர் வேதம் 75, ரூபாவதாரம் என்ற தொடக்க இலக்கணம் 40 என்று பாடவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். மீதி 70 பேர் உயர்நிலை: வியாகரணம் 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10. இன்றைய துறைவாரி சீட் பட்டியலைப் போலவே இருக்கும்.

இளநிலை மாணவனுக்கு நாள் ஒன்றுக்கு 6 நாழி நெல். உயர்நிலை மாணவனுக்கு 10 நாழி.

புரோகிராமர் புத்தி சும்மா இருக்குமா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 270 பேருக்கு 1,620 நாழி, 70 பேருக்கு 700 நாழி, ஆக 2,320. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்று வைத்தால், தினமும் 24 கலம் 2 குறுணி. ஆசிரியர் பங்கையும் சேர்த்து நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 10,506 கலம் நெல் தேவைப்பட்டது. அதாவது செலவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மாணவர்களின் கைக்கே போயிருக்கிறது. கல்விக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. படிக்க வருகிறவனிடம் வாங்குவதற்குப் பதிலாக, அவனுக்குக் கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள்.

எதிலிருந்து கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊர்ச்சபை இதற்காக 45 வேலி நிலத்தை ஒதுக்கியது. பிற்கால வேலிக் கணக்கில் பார்த்தால் சுமார் 300 ஏக்கர். ராஜாவின் மனநிலை மாறினாலும், ஆசிரியர் இறந்துபோனாலும், நிலம் விளையும் வரை நெல் வரும். இன்றைய மொழியில் இது எண்டோமென்ட். அதைக் கல்லில் வெட்டியதற்குக் காரணமும் அதுதான்; அடுத்த தலைமுறைச் சபை வந்து "எங்களுக்குத் தெரியாதே" என்று சொல்ல முடியாது.

பக்கத்துத் திருபுவனையில் 1048இல் இன்னொரு கல்லூரிக் கல்வெட்டு: 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள், 72 வேலி நிலம். அங்கே படிப்பவர்களுக்கும் படிப்பிப்பவர்களுக்கும் சபையின் சில வாரியப் பணிகளிலிருந்து விலக்கும் உண்டு. வாரத்துக்கு 20 மணி நேரம் இளநிலை மாணவர்களின் விடைத்தாள் திருத்திக்கொண்டே ஆராய்ச்சி செய்யும் நண்பர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில், வீரராஜேந்திரன் காலக் கல்வெட்டு, விடுதி மாணவர்களுக்குச் சாப்பாட்டோடு படுக்கப் பாய், இரவு விளக்கு, சனிக்கிழமைக்குத் தலைக்கு எண்ணெய் என்று தனித்தனியாக ஒதுக்குகிறது. டியூஷன் தள்ளுபடி என்று பெரிதாக எழுதிவிட்டு, மருத்துவக் காப்பீடும் பருவக் கட்டணமும் உன் தலையில்தான் என்பதைக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வைக்கும் ஆஃபர் லெட்டர்களுக்கு இந்தக் கல்வெட்டை அனுப்பி வைக்கலாம்.

பெருமைப்படுவதை இங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த 340 இடங்களும் பிராமண ஆண் பிள்ளைகளுக்கு. 45 வேலியில் உழுதவர்களின் பிள்ளைகளுக்கு அதில் ஒரு இடமும் இல்லை. பாடப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். கல் வேலை, இரும்பு வேலை, ஏரிக்கு மதகு வைக்கும் கணக்கு எதுவும் இல்லை. அந்தக் கோயிலைக் கட்டியவனின் படிப்புக்கு அந்தக் கோயிலில் நெல் கிடையாது. பொறியியல் என்று நாம் இன்று சொல்வதை அவன் அப்பனிடமோ மாமனிடமோ கற்றான். அட்மிட் ஒன்றே ஒன்று, பிறந்த அன்றே வந்துவிடும், மறுக்கவும் முடியாது.

அப்படிக் கற்றவர்களின் வேலைதான் செஞ்சிக் கோட்டை. ராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகாலைப் பார்த்திருப்பீர்கள். அதன் குளத்துக்கும் மேல் மாடங்களுக்கும் தண்ணீர் சுடுமண் குழாய் வழியாக வந்தது. நீர்மட்டம், சரிவு, அழுத்தம் எல்லாம் தெரிந்த யாரோ செய்த வேலை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது மகாராஷ்டிரத்துக்கு வெளியிலிருந்து சேர்ந்த ஒரே கோட்டை செஞ்சி. முற்றுகையிட்டவர்கள், ஆண்டவர்கள் பெயரெல்லாம் வரிசையாகத் தெரிகிறது. குழாய் பதித்தவர் பெயர் இல்லை. இந்த விஷயத்தில் எங்கள் தொண்டூர் கொஞ்சம் தேவலாம். ஊர்க் குன்றில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கல் படுக்கைகளுக்குப் பக்கத்தில் பழைய தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. அகலூரின் அறம், இன்னார் ஏவ, மோசி செய்தது என்கிறது. பணம் யாருடையது, சொன்னது யார், செய்தது யார் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

*

சென்னையில் பொறியியலுக்கு முறையான பள்ளி வந்தது 1794இல். கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளர் மைக்கேல் டாப்பிங் தொடங்கிய சர்வே பள்ளி. பிற்பாடு கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். முதல் மாணவர்கள் எட்டுப் பேர், அநாதை விடுதியிலிருந்து எடுத்த பையன்கள். சோறு, துணி, படிப்பு எல்லாம் கம்பெனி செலவு. பதிலுக்கு அவர்கள் கம்பெனிக்கு அளவை வேலை செய்ய வேண்டும். இந்த மண்ணில் பொறியியலுக்குக் கிடைத்த முதல் முழு ஃபண்டிங் இதுதான் என்று சொல்லலாம். எதற்காகக் கொடுத்தார்கள் என்பதில் ஒளிவுமறைவில்லை: வரி போட நிலத்தை அளக்க வேண்டும், அளக்க வெள்ளைக்காரன் வந்தால் செலவு அதிகம்.

ராமானுஜனின் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் பண விஷயத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. துறைமுகக் குமாஸ்தா சம்பளத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். 1914இல் கேம்பிரிட்ஜ் போனபோதும் ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது அதே சென்னைப் பல்கலைக்கழகம்தான். அதில் ஒரு பகுதி கும்பகோணத்துக் குடும்பத்துக்குப் போகுமாறு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். ஸ்டைபண்டில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அங்கிருந்தே வருகிறது.

என்னை அதிகம் பாதிப்பது அம்பேத்கரின் கணக்கு. பொறியியல் இல்லை, பொருளாதாரம். ஆனால் வெளிநாட்டு மேற்படிப்பும் அதற்கான பணமும் எப்படி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை இல்லை. 1913இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அவருக்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க மாதம் 11.50 பவுண்டு வீதம் மூன்று ஆண்டு உதவித்தொகை கொடுத்தார். திரும்பி வந்து பரோடா சமஸ்தானத்தில் பத்து ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். நியூயார்க்கில் 1915இல் எம்.ஏ. முடித்தார். 1916இல் லண்டன் போய் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலும், சட்டம் படிக்கக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். ஆய்வு பாதியில் இருக்கும்போதே 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினார். இன்று டிஃபர் செய்வது என்கிறோமே, அதுதான். தனிக் கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள் போரில் கடலில் மூழ்கிப் போயின.

ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குப் போனார். கொலம்பியாவில் படித்தவருக்கு அந்த ஊரில் தங்க வீடு கிடைக்கவில்லை. சாதியை மறைத்துத் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. மன்னர் கொடுத்த பணம் நியூயார்க் வரை போயிற்று, பரோடா நகரத்தின் ஒரு வாசற்படியைத் தாண்டப் போதவில்லை. பிறகு மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் மாதம் 450 ரூபாய் சம்பளத்தில் பேராசிரியர். அதில் மிச்சம் பிடித்து, நண்பர் நவல் பத்தேனாவிடம் கடன் வாங்கி, கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜாவின் உதவியும் சேர்த்து, 1920இல் மறுபடி லண்டன். 1921இல் எம்.எஸ்ஸி., 1923இல் டி.எஸ்ஸி.

இதில் கவனிக்க வேண்டியது, முதல் பயணத்துக்கும் இரண்டாம் பயணத்துக்கும் உள்ள வித்தியாசம். முதல் முறை ஒரே புரவலர், ஒரே தேதி. அந்தத் தேதி வந்ததும் ஆய்வு எந்த நிலையில் இருந்தாலும் கப்பல் ஏற வேண்டியதுதான். இரண்டாம் முறை சேமிப்பு, கடன், உதவி என்று மூன்று சின்ன ஊற்றுகள். வயிறு காய்ந்திருக்கும், ஆனால் யாரும் திரும்பி வா என்று தந்தி அடிக்க முடியாது.

*

பொறியியலுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945 வாக்கில், இந்திய அரசு நூற்றுக்கணக்கான மாணவர்களைத் தொழில்நுட்பம் படிக்க அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் அனுப்பியது. படித்துத் திரும்பிய பலருக்கு ஏற்ற வேலை இங்கே தயாராக இல்லை என்ற புகார் அப்போதே எழுந்தது. உதவித்தொகை கொடுத்தவருக்கே நீ திரும்பி வந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கலாம்.

ஆனால் அதே அரசு வெளிநாட்டு உதவித்தொகைதான் 1957இல் ஈரோட்டில் பிறந்த ஒருவரை எம்.ஐ.டி.க்கு அனுப்பியது. வி. ராஜாராமன். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் அனலாக் கணினி வேலை செய்தவர். 1959இல் எம்.ஐ.டி.யில் முதுகலை முடித்தார். முனைவர் பட்டம் 1961இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில். தரவரிசைப் பட்டியலைத் தலைகீழாக மனப்பாடம் செய்திருக்கும் நம் தலைமுறைக்கு எம்.ஐ.டி.யிலிருந்து விஸ்கான்சின் என்றால் இறக்கமாகத் தெரியும். 1963இல் அவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார். 1965இல் அங்கே கணினி அறிவியல் படிப்பைத் தொடங்கியவர் அவர். அவர் எழுதிய ஃபோர்ட்ரான் பாடப்புத்தகத்தில் புரோகிராமிங் கற்ற ஒரு தலைமுறையே இருக்கிறது. அவருடைய வாழ்க்கையில் விஸ்கான்சின் எதையும் குறைத்துவிடவில்லை. 2025 நவம்பரில் 92 வயதில் காலமானார்.

கிண்டியில் 1958இல் சிவில் முடித்த ராஜ் ரெட்டியின் பாதை இன்னும் வளைவு. ஆந்திரத்துக் காட்டூர்க்காரர். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் எம்.டெக்., அங்கேயே ஐ.பி.எம்.மில் வேலை, பிறகு ஸ்டான்ஃபோர்டில் ஜான் மெக்கார்த்தியிடம் ஆய்வு, 1966இல் முனைவர். 1994இல் டூரிங் விருது. அவர் போன காலத்தில் மெக்கார்த்தியின் ஆய்வுக்கு அமெரிக்க ராணுவத்தின் ஆர்ப்பா அமைப்பு பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்காவுக்கு வந்த பயம்தான், மறைமுகமாக, நம் ஊர்ப் பையன்கள் பலரின் மாதச் செலவுக்கு வழி செய்தது.

அந்தக் காலத்தில் பரவலான முறை இன்றும் தொடர்கிறது. அமெரிக்க ஆஃபரில் ஃபண்டிங் என்று இருந்தால் அது மூன்றில் ஒன்றாக இருக்கும். ஃபெல்லோஷிப் என்றால் பல்கலைக்கழகமோ அறக்கட்டளையோ தன் நிதியிலிருந்து தருவது, எண்ணாயிரத்து நிலம் மாதிரி. டி.ஏ. என்றால் துறை தருவது. இளநிலை மாணவர்கள் வந்துகொண்டிருக்கும் வரை வரும். ஆர்.ஏ. என்றால் ஒரு பேராசிரியர் தன் ஆய்வு மானியத்திலிருந்து தருவது. மானியம் மூன்று வருடத்துக்கு என்றால் உங்கள் முனைவர் பட்டம் ஐந்து வருடத்துக்கு. பேராசிரியர் வேறு ஊருக்குப் போனால், மானியம் புதுப்பிக்கப்படாவிட்டால், உங்களோடு அவருக்கு மனஸ்தாபம் வந்தால்? பரோடா தர்பார்தான். நல்ல மன்னராக இருக்கலாம், பலர் நல்லவர்களே. ஆனாலும் ஒரே மன்னர்.

2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசின் ஆய்வு மானியங்கள் வெட்டுப்பட்டபோது இது கண்முன்னே நடந்தது. சில பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டச் சேர்க்கையைச் சுருக்கின. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி கொடுத்த ஆஃபர்களையே திரும்பப் பெற்றது. இங்கே அதே ஆண்டு ஜூலையில், பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் போனது. மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில். விசா, விமான டிக்கெட், வகுப்பு தொடங்கும் நாள் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். 1917க்கும் 2025க்கும் நடுவில் 108 வருடம்.

அப்புறம் கடன். எங்கள் பகுதிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இதுதான் ஃபண்டிங். வங்கியிடம் ஒரு நல்ல குணம், நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய், எந்தப் பேராசிரியரிடம் என்று கேட்காது. கெட்ட குணம், படிக்கும்போதே வட்டி ஓடும். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுத்துறை வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கும். ஈடு என்றால் இங்கே என்ன இருக்கிறது? மல்லாட்டை போடும் நிலம், இல்லையென்றால் வீடு. எண்ணாயிரத்தில் நிலம் மாணவனுக்கு நெல் கொடுத்தது. இப்போது மாணவனுக்காக நிலம் வங்கிக்குப் போகிறது. அமெரிக்க எம்.எஸ். பெரும்பாலும் இப்படி நடக்கிறது, ஏனென்றால் அங்கே முதுகலைக்கு ஃபண்டிங் அரிது, முனைவர் பட்டத்துக்குத்தான் பணம். இதையே பல பிள்ளைகள் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஜெர்மனியில் டியூஷன் இல்லை என்று கிளம்புகிறவர்களுக்கு: வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வசூலிக்கத் தொடங்கிவிட்டது. இங்கேயே இருந்தால், கேட் எழுதி எம்.டெக். சேர்ந்தவருக்கு மாதம் 12,400 ரூபாய், வாரத்தில் எட்டு மணி நேரம் துறை வேலை. அப்பாவிடம் கை நீட்டாமல் ஒரு ஐ.ஐ.டி.யில் இரண்டு வருடம் ஓட்டலாம் என்பதை ஷீட்டில் ஒரு வரியாகக்கூட யாரும் போடுவதில்லை. எனக்கு வரும் ஷீட்டுகளில் அது அட்மிட் கணக்கிலேயே வராது.

என் சார்பு இதற்குள் தெரிந்திருக்கும். நிலத்தை ஈடு வைத்துப் பெரிய பெயருக்குப் போவதா, பணம் தரும் நடுத்தரப் பெயருக்குப் போவதா என்றால், இரண்டாவதைத்தான் சொல்வேன். அதற்கும் முன்னால் மூன்று மெயில் எழுதச் சொல்வேன். ஒன்று, சேர்க்கை அலுவலகத்துக்கு: இந்த உதவி எத்தனை வருடத்துக்கு, எழுத்தில் தர முடியுமா, கோடை மாதங்களும் சேர்த்தியா. இரண்டு, பேராசிரியருக்கு: மானியம் எந்த ஆண்டு வரை இருக்கிறது. மரியாதையாகக் கேட்டால் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே ஒரு தகவல். மூன்று, அவருடைய ஆய்வகத்தில் நாலாவது ஐந்தாவது வருடம் படிக்கும் ஒருவருக்கு. இந்த மூன்றாவது மெயிலுக்கு வரும் பதிலில், முடிந்தால் போனில் வரும் பதிலில், ஷீட்டின் பாதி நிரம்பிவிடும்.

தேதி நெருக்குகிறது என்று பதறுகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கவுன்சிலுக்கு ஏப்ரல் 15 தீர்மானம் என்று ஒன்று இருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகம், நிதி உதவியோடு கூடிய ஆஃபருக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் சொல் என்று மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பட்டியல் இணையத்தில் கிடைக்கும், உங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பணம் இல்லாத ஆஃபருக்கு அந்தத் தீர்மானம் பொருந்தாது. அவர்கள் முன்பணத்தை எந்தத் தேதியில் வேண்டுமானாலும் கேட்பார்கள்.